மிச்ச இடத்தில் ஏறிய வானொலி

1984 ஏப்ரல் 3 அன்று ராகேஷ் சர்மா சோயுஸ் டி-11 கலத்தில் கிளம்பியபோது மைசூரும் கொஞ்சம் கூடவே போயிற்று. அவருக்கான இந்தியச் சாப்பாட்டைப் பக்குவப்படுத்திக் கொடுத்தது மைசூரில் இருக்கும் பாதுகாப்பு உணவு ஆய்வுக்கூடம். சால்யூட்-7 நிலையத்திலிருந்து அவர் இந்திரா காந்தியிடம் பேசியது எல்லோருக்கும் தெரியும். அது இரண்டு அரசுகள் கூடி ஏற்பாடு செய்த பேச்சு. அதற்கு நான்கு மாதம் முன்னால் இன்னொருவர், எந்தப் பிரதமரின் நேரமும் வாங்காமல், மொட்டைமாடியில் ஆன்டெனா கட்டி வைத்திருந்த சாதாரண ஆட்களோடு ஒரு கையடக்க வானொலியில் பேசிவிட்டு பூமிக்குத் திரும்பியிருந்தார். மனிதர் செல்லும் விண்கலத்தில் ஹாம் ரேடியோ ஒலித்தது அதுதான் முதல் தடவை.

விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் பள்ளிப் பிள்ளைகளோடு வானொலியில் பேசுவது இப்போது செய்தித்தாளின் உள்பக்கச் சமாச்சாரம். தேர்வு எழுதி, அரசிடம் உரிமம் வாங்கி, அழைப்புக்குறி ஒன்றைப் பெற்று, காசுக்காக இல்லாமல் ஆசைக்காக வானொலி நடத்துகிறவர்கள்தான் ஹாம்காரர்கள். ஒவ்வொரு கிராமுக்கும் கணக்குக் கேட்கிற விண்கலத்தில் இந்தப் பொழுதுபோக்குச் சாமானுக்கு இடம் கொடுத்தது யார்? மனமுவந்து யாரும் கொடுக்கவில்லை என்பதே சரியான பதில். வேறு எதற்கும் ஆகாது என்று விட்டுவைத்த மூலைகளாகப் பார்த்து அது தானே ஏறி உட்கார்ந்துகொண்டது. நூறு வருடமாக அதன் பிழைப்பே அப்படித்தான்.

இந்த வழக்கம் தொடங்கியது 1912இல். அந்த வருடம் ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியது. அபாயச் செய்திகளுக்கு நடுவே ஆளாளுக்கு வானொலியில் புகுந்து குழப்புகிறார்கள் என்ற கோபம் அமெரிக்காவில் கிளம்பியது. அதே வருடம் வந்த சட்டம் அமெச்சூர்களை, அதாவது ஹாம்காரர்களை, 200 மீட்டருக்கும் குறைவான அலைநீளங்களுக்குத் துரத்தியது. அலை நீளமாக இருந்தால்தான் தூரம் போகும் என்பது அன்றைய அறிவு. குட்டை அலைகள் ஊர் எல்லையைத் தாண்டாது, பையன்கள் சலித்துப்போய் விட்டுவிடுவார்கள் என்று அதிகாரிகள் நினைத்தார்கள். நடந்தது நேர்மாறு. 1921 டிசம்பரில் அமெரிக்க அமெச்சூர்களின் சமிக்ஞை அட்லாண்டிக்கைத் தாண்டி ஸ்காட்லாந்துக் கரையில் கேட்டது. 1923 நவம்பரில் பிரான்சிலிருந்து ஒருவரும் அமெரிக்காவிலிருந்து ஒருவரும் இரு பக்கமும் பேசிக்கொண்டார்கள். மேல்வானத்தில் மின்னேற்றம் பெற்ற காற்றடுக்கில் பட்டு இந்தக் குட்டை அலைகள் திரும்பி வருகின்றன, அதனால் குறைந்த சக்தியிலேயே கண்டம் தாண்டுகின்றன என்பது பிறகுதான் விளங்கியது. விளங்கியதும் அரசுகளும் கம்பெனிகளும் ஓடி வந்து அந்தத் தரிசு நிலத்தைப் பங்கு போட்டுக்கொண்டன. அமெச்சூர்களுக்கு மிஞ்சியவை சில துண்டுகள்.

இந்தக் காய்ச்சல் இந்தியாவுக்கு வர நாளாகவில்லை. 1921இல் கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்தாவும் முகுல் போஸும் அமெச்சூர் நிலையங்கள் வைத்திருந்தார்கள். சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி 1924 மே மாதம் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்பைத் தொடங்கி, ஜூலை 31ஆம் தேதி 40 வாட் கருவி ஒன்றைக் கொண்டு ஒலிபரப்பே ஆரம்பித்துவிட்டார். 1927இல் கிளப்பின் கையில் காசு தீர்ந்தது. கருவி மாநகராட்சிக்குப் போனது. மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் அதை வைத்து ஒலிபரப்பியது. கடலுக்கு அப்பால் கொழும்பில் தந்தித் துறையின் தலைமைப் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பர் இன்னும் சுவாரசியமான ஒரு வேலை செய்தார். முதல் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிச் சாமான்களைத் தன் ஆட்களை விட்டுக் கோத்துப் பார்க்கச் சொன்னார். தந்தி அலுவலகத்துச் சின்ன அறையில் கிராமபோன் தட்டைச் சுழலவிட்டு அவர்கள் நடத்திய சோதனைதான், 1925 டிசம்பர் 16 அன்று முறையாகத் தொடங்கிய கொழும்பு வானொலிக்கு விதை. நம் பெற்றோர் தலைமுறை பாட்டுக் கேட்ட இலங்கை வானொலியின் பூர்வீகம் ஒரு நீர்மூழ்கிக் கப்பல்!

மைசூரின் முறை 1935இல் வந்தது. எம்.வி. கோபாலசுவாமி மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியர். லண்டனில் சார்லஸ் ஸ்பியர்மனிடம் ஆராய்ச்சி செய்து பட்டம் பெற்றுத் திரும்பி, 1924இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறையைத் தொடங்கியவர். மின்பொறியாளர் இல்லை, வியாபாரியும் இல்லை. 1935 செப்டம்பர் 10 அன்று ‘விட்டல் விஹார்’ என்ற தன் வீட்டிலேயே 30 வாட் கருவி ஒன்றை வைத்து ஒலிபரப்பத் தொடங்கினார். அந்தக் காலத்துக் குண்டு பல்புகளில் பலவற்றுக்கு அதைவிடக் கூடுதலாக மின்சாரம் வேண்டும். பாட்டு, பேச்சு, நாடகம் எல்லாம் வீட்டுக்குள்ளிருந்தே போயின. பல வருடம் கைக்காசைக் கரைத்த பிறகு, 1940களின் தொடக்கத்தில் நிலையம் அரசின் கைக்கு மாறியது. வீட்டு நிலையத்துக்கு அவர் வைத்திருந்த ‘ஆகாசவாணி’ என்ற பெயரை 1950களின் பிற்பகுதியில் அகில இந்திய வானொலி எடுத்துக்கொண்டது. சென்னை, மைசூர் இரண்டிலும் ஒரே கதைதான்: ஆசைக்காரர் ஆரம்பிப்பார், காசு கரையும், கடைசியில் சர்க்கார் வந்து பெயர்ப் பலகையை மாட்டும். இதில் கோபாலசுவாமி உளவியல்காரர் என்பதை மட்டும் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் அமெச்சூர் உரிமங்களை அரசு முடக்கிக் கருவிகளை ஒப்படைக்கச் சொன்னது. எல்லோரும் ஒப்படைக்கவில்லை. 1942இல் உஷா மேத்தாவும் நண்பர்களும் பம்பாயில் நடத்திய ரகசியக் காங்கிரஸ் வானொலிக்குக் கருவி அமைத்துக் கொடுத்தவர் நரிமன் பிரின்டர் என்ற அமெச்சூர். ஹாம்காரர்களைக் கண்டால் இந்திய அதிகாரிகளுக்கு நெடுநாள் ஒரு சந்தேகப் பார்வை இருந்தது. அதற்கான காரணத்தை இதைப் போன்ற கதைகளிலும் கொஞ்சம் தேடலாம். பிற்பாடு ராஜீவ் காந்தியே வி.யூ.2 ஆர்.ஜி. என்ற அழைப்புக்குறியோடு ஹாம்காரராக இருந்தது வேறு விஷயம்.

வானத்துக்கு வருவோம். 1957 கோடையில் சோவியத் நாட்டின் ‘ரேடியோ’ பத்திரிகை, வரப்போகும் செயற்கைக்கோளின் அலைவரிசை என்ன, எப்படிக் கேட்பது என்று அமெச்சூர்களுக்குப் பாடம் எடுத்தது. வெளியுலகில் அதைப் பெரிதாக யாரும் சட்டை செய்யவில்லை. அக்டோபர் 4 அன்று ஸ்புட்னிக் மேலே போய் 20.005 மெகாஹெர்ட்ஸில் ‘பீப் பீப்’ என்றபோது, உலகம் முழுவதும் ஹாம்காரர்கள் ஏற்கெனவே வைத்திருந்த பெட்டிகளில் அதைக் கேட்டார்கள். விண்வெளியிலிருந்து வந்த முதல் சத்தத்துக்குச் சாட்சி சொன்னவர்களில் பெரும் பங்கு இவர்கள்தான்.

கேட்டவர்களுக்குத் தாங்களும் ஒன்றை அனுப்பினால் என்ன என்று தோன்றுவது இயல்பு. 1959இல் டான் ஸ்டோனர் என்ற கலிஃபோர்னியாக்காரர் ஹாம் பத்திரிகை ஒன்றில், யாரிடமாவது உபரியாக ஒரு ராக்கெட் இருந்தால் சொல்லுங்கள் என்று பாதி விளையாட்டாக எழுதினார். விளையாட்டு வினையானது. அமெரிக்க விமானப் படையின் ராக்கெட்டில் எடையைச் சமன்படுத்த வெறும் கனத்தை வைத்து அனுப்புவது வழக்கம். அந்தக் கனம் இருக்கும் இடத்தில் எங்கள் பெட்டியை வையுங்களேன் என்று கேட்டு வாங்கினார்கள். ராக்கெட்டின் வளைவுக்கு ஏற்ப வளைத்துச் செய்த ஐந்து கிலோகூட இல்லாத பெட்டி, அதுதான் ஆஸ்கர்-1. சுற்றுப்பாதையில் அதைத் தள்ளிவிட வைத்த ஸ்பிரிங், கடையில் ஒரு டாலர் சில்லறைக்கு வாங்கியது. 1961 டிசம்பர் 12 அன்று, ஸ்புட்னிக்குக்கு நாலே வருடத்துக்குப் பிறகு, அது மேலே போய் மோர்ஸ் குறியில் ‘ஹை’ என்று திரும்பத் திரும்பச் சொன்னது. பெட்டியின் வெப்பநிலை மாறினால் சொல்லும் வேகமும் மாறும், ஆகவே காதால் கேட்டே வெப்பத்தை அளக்கலாம். ஏறக்குறைய மூன்று வாரம் அது உயிரோடு இருந்தது. 28 நாடுகளிலிருந்து ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட ஹாம்காரர்கள் கேட்டதாக எழுதி அனுப்பினார்கள்.

உபரி ராக்கெட் கேட்டு எழுத வேண்டிய அவசியம் ஒரு காலத்தில் மைசூர்ச் சீமைக்கு இருந்ததில்லை. ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் இரும்புக் குழாயில் வெடிமருந்து அடைத்து ஏவிய ராக்கெட்டுகள் 1780இல் பொள்ளிலூரில், நம் காஞ்சிபுரத்துப் பக்கத்தில், கிழக்கிந்தியக் கம்பெனிப் படையைக் கலங்கடித்தன. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு பிரிட்டிஷார் அவற்றை உல்விச் ஆயுதச்சாலைக்கு எடுத்துப்போனார்கள். அவற்றைப் பார்த்து வில்லியம் காங்கிரீவ் செய்த ராக்கெட்டுகள் ஐரோப்பா, அமெரிக்கா என்று போர்க்களங்களில் பறந்தன. அசலை விட நகலுக்குப் புகழ் அதிகம். 1960களின் தொடக்கத்தில் நாசாவின் வாலப்ஸ் ஏவுதளத்துக்குப் பயிற்சிக்குப் போன அப்துல் கலாம், அங்கே வரவேற்புக் கூடத்தில் ஒரு போர்க்கள ஓவியத்தைப் பார்த்தார். அருகில் போய்ப் பார்த்தால் திப்புவின் படை ராக்கெட் விடுகிறது! சொந்த நாட்டில் மறந்துபோனதை அமெரிக்காக்காரன் மாட்டி வைத்திருக்கிறானே என்று அவர் பின்னால் எழுதினார். கலாம் இந்தக் கதையில் இன்னொரு தடவை வருவார்.

ராகேஷ் சர்மாவுக்கு முன்னால் வானொலியில் பேசிய அந்த இன்னொருவர் ஓவன் கேரியட், ஒக்லஹோமா மாநிலத்தின் ஈனிட் ஊர்க்காரர். பள்ளியில் படிக்கும்போது அப்பாவோடு சேர்ந்து வானொலி வகுப்புக்குப் போய் உரிமம் வாங்கியவர். 1973இல் ஸ்கைலாப் நிலையத்தில் ஐம்பத்தொன்பது நாள் தங்கப் போனார். ஹாம் கருவி ஒன்று கொண்டுபோகலாம் என்று யோசனை போனது, நாசா மறுத்துவிட்டது. பத்து வருடம் காத்திருந்தார். 1983 நவம்பர் 28 அன்று கொலம்பியா விண்ணோடத்தில் கிளம்பியபோது, திருத்தியமைத்த மோட்டரோலா கையடக்கக் கருவி ஒன்று அவர் பெட்டியில் இருந்தது. ஓடத்தின் வெளிப்புறத்தில் ஆன்டெனா பொருத்த அனுமதி இல்லை. அதனால் உள்ளேயே, மேல்தள ஜன்னல் கண்ணாடியை ஒட்டி வைத்துக்கொண்டார். ஆராய்ச்சி நேரத்தில் தொடக் கூடாது, ஓய்வு நேரத்தில் மட்டும்தான். இப்படி ஓரமாகக் கிடைத்த ஜன்னலிலும் ஓரமாகக் கிடைத்த நேரத்திலும் அவர் கூப்பிட்டார். மொன்டானா மாநிலத்திலிருந்து முதல் பதில் வந்தது. அதற்குள் கீழே ஆயிரக்கணக்கானோர் ஒரே சமயத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். யார் யார் என்று பிரிக்க முடியாமல் எல்லாவற்றையும் டேப்பில் பதிந்துகொண்டார். ஏறத்தாழ 250 பேரின் குறிகள் தேறின. அவர்களில் ஒருவர் ஜோர்டான் மன்னர் ஹுசைன். மன்னரும் ஹாம்காரர்தான்.

பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. 1985 ஜூலையில் கிளம்பிய சேலஞ்சர் ஓடத்தில் டோனி இங்கிலாந்து என்ற வீரர், பேச்சோடு நில்லாமல் படங்களையும் அதே வானொலி வழியே அனுப்பிப் பெற்றார். ஒவ்வொரு கோடாக மெதுவாக விரியும் படம் அது. அதே வருடக் கடைசியில் ஜெர்மானியர்களும் ஒரு டச்சுக்காரரும் தங்கள் ஆய்வுக்கூடத்தில் கருவி கொண்டுபோனார்கள். 1991 ஏப்ரலில் அட்லாண்டிஸில் போன ஐந்து பேருமே உரிமம் வாங்கிய ஹாம்காரர்கள். பிற்காலத்தில் கல்பனா சாவ்லாவும் சுனிதா வில்லியம்ஸும் இந்த உரிமத்தைப் பெற்றார்கள்.

இப்போது அந்த உளவியல் பேராசிரியரை நினைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க ஓடம் பத்து நாளில் வீடு திரும்பிவிடும். சோவியத் வீரர்களோ மீர் நிலையத்தில் மாதக்கணக்கில் கிடந்தார்கள். 1987 டிசம்பரில் மேலே போன விளாதிமிர் டிட்டோவும் மூசா மனரோவும் இறங்கியது 1988 டிசம்பரில், ஒரு வருடம் முழுசாகக் கழித்து. அவ்வளவு நாள் அதே இரண்டு மூன்று முகங்கள், கட்டுப்பாட்டு அறையிலிருந்து வேலைப் பட்டியல் வாசிக்கும் அதே குரல்கள். மனச்சோர்வு என்பது ஆக்சிஜன் குறைவதைப் போல உண்மையான ஆபத்து. அந்தப் பயணத்தின் கடைசி வாரங்களில், 1988 நவம்பரில், மீரில் ஹாம் நிலையம் செயல்படத் தொடங்கியது. டிட்டோவ் யு1எம்.ஐ.ஆர்., மனரோவ் யு2எம்.ஐ.ஆர். என்று குறி வைத்துக்கொண்டு பேசினார்கள். வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒரு அந்நியரோடு வானிலையும் குடும்பமும் பேசுவதில் மருந்து இருக்கிறது என்பதை சோவியத் டாக்டர்கள் அனுபவத்தில் கண்டார்கள். விண்வெளியில் ஹாம் ரேடியோ வேர் பிடித்தது அமெரிக்க வேடிக்கையால் அல்ல, இந்த ரஷ்யத் தனிமையால்தான் என்பது என் எண்ணம்.

அதில் உச்சம் செர்கேய் கிரிகாலோவ். 1991 மே 18 அன்று சோவியத் குடிமகனாக மேலே போனார். அவர் மேலே இருக்கும்போதே அந்த நாடு கலைந்துபோயிற்று. பணமில்லை, மாற்று ஆள் அனுப்புவதில் குழப்பம். 311 நாள் கழித்து 1992 மார்ச் 25 அன்று ரஷ்யக் குடிமகனாக இறங்கினார். அந்த மாதங்களில் ஆஸ்திரேலியாவின் ஹாம் பெண்மணி ஒருவர் உட்பட உலகெங்கும் பலர் அவரோடு தொடர்ந்து பேசியும், கணினி வழியே சிறு செய்திகள் அனுப்பியும் வந்தார்கள். அரசாங்கம் மெல்ல மெல்லச் சொன்ன செய்திகளில் சில, வேறொரு கண்டத்து வீட்டிலிருந்து அவருக்கு வந்து சேர்ந்தன.

எனவே பல நாடுகள் கூடி சர்வதேச விண்வெளி நிலையம் கட்டத் தீர்மானித்தபோது ஹாம்காரர்கள் கைகட்டிக்கொண்டிருக்கவில்லை. 1996இலேயே பல நாட்டு ஹாம் அமைப்புகள் ஹூஸ்டனில் கூடி ஒரே குழுவாகச் சேர்ந்துகொண்டன. தனித்தனியாகக் கேட்டால் ஒன்றும் கிடைக்காது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. முதல் குடித்தனக்காரர்கள் வருவதற்கு முன்பே, 2000 செப்டம்பரில், சாமான் மேலே போய்விட்டது. நவம்பரில் நிலையத்துக்கு வந்துசேர்ந்த முதல் மூவரில் ஒருவர் நம் கிரிகாலோவ். ஆன்டெனா? சார்யா என்ற பகுதி விண்ணில் இணைவதற்குப் பயன்பட்டு, இனி வேண்டாம் என்று சும்மா இருந்த ஆன்டெனாவையே முதலில் உபயோகித்தார்கள். டிசம்பர் 21 அன்று இல்லினாய் மாநிலத்துப் பள்ளிப் பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள். இன்று வரை நடக்கும் பள்ளிப் பேச்சுகளின் வரிசை அங்கே தொடங்கியது.

மைசூரில் உட்கார்ந்து இதைக் கேட்பது எப்படி என்று பார்த்தால் சூட்சுமம் புரியும். நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், விநாடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடுகிறது. உயரம் காரணமாக அதன் பார்வை இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் விரியும். அது டெல்லிக்கு நேர் மேலே இருக்கும்போதே மைசூரின் வடக்கு அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே வந்துவிடுகிறது. சாமுண்டி மலை மாதிரி உயரமான இடம் கிடைத்தால் கட்டடமும் மரமும் மறைக்காது. அதன் குரல் 145.800 மெகாஹெர்ட்ஸில் வரும். பழைய குட்டை அலைகளைக் காற்றடுக்கு திருப்பி அனுப்பும். இந்த அலைவரிசை அதைத் துளைத்துக்கொண்டு நேரே போய் வரும். நெருங்கி வரும்போது மூன்றரைக் கிலோஹெர்ட்ஸ் கூடுதலாகவும் விலகிப் போகும்போது அவ்வளவு குறைவாகவும் கேட்கும். ரயில் ஊதிக்கொண்டு நம்மைக் கடந்தால் சத்தம் மாறுகிற அதே சங்கதி. மொத்தம் பத்து நிமிடம்தான். அதற்குள் இருபது பிள்ளைகள் வரிசையில் நின்று, கேள்வி கேட்டு, கடைசியில் ‘ஓவர்’ சொல்லி நகர வேண்டும். பதில் சுவாரசியமாக இருக்கிறதே என்று ஒரு பிள்ளை ரசித்து நின்றால் கடைசிப் பிள்ளையின் கேள்வி அடிவானத்தில் மூழ்கிவிடும். ஆசிரியர்கள் வாரக்கணக்கில் ஒத்திகை பார்ப்பது இதனால்தான்.

மிச்ச சாமானில் பிழைக்கும் குணம் நிலையத்திலும் போகவில்லை. 2006 பிப்ரவரி 3 அன்று, காலாவதியான ரஷ்ய விண்வெளி உடை ஒன்றுக்குள் வானொலியை வைத்துக் கட்டி, விண்நடை போனவர்கள் வெளியே தள்ளிவிட்டார்கள். பிள்ளைகளின் குரல் பதிவுகளோடு ஆளில்லாத உடுப்பு பூமியைச் சுற்றியது. சமிக்ஞை பலவீனம், கேட்டவர்களுக்கு மெல்லிய முனகல்தான் வந்தது. ஆனாலும் இரண்டு வாரம் உலகமே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. 2008 அக்டோபரில் ரிச்சர்ட் கேரியட், ஓவன் கேரியட்டின் மகன், கணினி விளையாட்டில் சம்பாதித்த காசில் நிலையத்துக்குச் சுற்றுலா போனார். வானொலியில் அவர் சொன்ன அழைப்புக்குறி தாத்தாவினுடையது. ஈனிட் ஊர் வகுப்பில் மகனோடு உட்கார்ந்திருந்த அந்தத் தாத்தா.

இந்தியாவில் இதற்குள் ஒரு விபத்து நடந்திருந்தது. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் சில ஹாம்காரர்கள், நெடுங்காலம் அனுமதி கிடைக்காதிருந்த அந்தமானில் நிலையம் போட்டு உலகத்தோடு பேசப் போயிருந்தார்கள். டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. பொழுதுபோக்குக்குக் கொண்டுபோன கருவிகள் போர்ட் பிளேரிலிருந்து உயிர்ச் செய்திகளை அனுப்பின. சந்தேகப் பார்வை கொஞ்சம் இளகியது. ஐந்தே மாதத்தில், 2005 மே 5 அன்று, ஸ்ரீஹரிகோட்டாவின் இரண்டாவது ஏவுதளத்திலிருந்து முதன்முதலாகக் கிளம்பிய பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் கார்ட்டோசாட்-1 போயிற்று. அதன் கூடவே 42.5 கிலோ எடையில் ஹாம்காரர்களுக்கான ஹாம்சாட் செயற்கைக்கோள். அதிலிருந்த இரண்டு கருவிகளில் ஒன்று இந்தியாவில் செய்தது. மற்றொன்றைச் செய்தவர் வில்லியம் லெய்ஜெனார் என்ற டச்சு மாணவர். ஏவலை நேரில் பார்த்தவர்களில் ஒருவர் குடியரசுத் தலைவர் கலாம். 2014 வரை ஹாம்சாட் உழைத்தது, கடைசியில் பேட்டரி கைவிட்டது. 2019 ஏப்ரல் 1 அன்று ஏவிய பி.எஸ்.எல்.வி. சி-45இல் இந்திய ஹாம்காரர்கள் இன்னும் துணிந்து, வேலை முடிந்து சும்மா சுற்றப்போகும் ராக்கெட்டின் நாலாவது அடுக்கிலேயே தங்கள் செய்தி அஞ்சல் கருவியை ஏற்றிவிட்டார்கள். ஆஸ்கர்-1க்குப் பேரன் என்று சொல்லலாம்.

ராகேஷ் சர்மாவுக்கு நாற்பத்தொரு வருடம் கழித்து, 2025 ஜூன் 25 அன்று சுபான்ஷு சுக்லா ஆக்ஸியம்-4 பயணத்தில் கிளம்பினார். கேரட் அல்வாவும் கொண்டுபோனார். சக வீரர்களுக்குக் கொடுத்தார். இந்தத் தடவை பிரதமரோடு காணொளியில் பேசியதோடு நிற்கவில்லை. ஜூலை 4 அன்று, மைசூரிலிருந்து மூன்று மணி நேர ரயில் தூரத்தில் உள்ள பெங்களூரின் யு.ஆர். ராவ் செயற்கைக்கோள் மையத்தில் கூடியிருந்த மாணவர்கள் ஹாம் ரேடியோவில் அவரிடம் கேள்வி கேட்டார்கள்: என்ன சாப்பிடுகிறீர்கள், எப்படித் தூங்குகிறீர்கள், உடம்பு எப்படிப் பழகியது? ஜூலை 8 அன்று ஷில்லாங் அருகே உள்ள வடகிழக்கு விண்வெளிப் பயன்பாட்டு மையத்தோடு பேசினார். காணொளியில் முகம் தெரியும், தெளிவும் அதிகம். ஆனால் காணொளிக்குச் செயற்கைக்கோள் தொடர், ஹூஸ்டன், ஏகப்பட்ட இடைத்தரகர்கள் வேண்டும். இதற்குக் கூரை மேல் ஒரு ஆன்டெனா போதும்.

அந்த ஆன்டெனாவின் கீழே வைக்கும் பெட்டியின் விலை சரிந்ததும் ஒரு தற்செயல்தான். ஐரோப்பாவில் கணினியில் டி.வி. பார்ப்பதற்கென்று மலிவான யு.எஸ்.பி. குச்சிகள் விற்றன. 2012 வாக்கில், அதற்குள்ளிருக்கும் தைவான் சில்லு அலைகளை அப்படியே பிரித்துப் பார்க்காமல் கணினிக்குக் கொட்டிவிடுகிறது என்பதைச் சில மென்பொருள்காரர்கள் நோண்டிக் கண்டுபிடித்தார்கள். அப்புறமென்ன, டி.வி. குச்சி பலவகை அலைவரிசைகளைக் கேட்கும் வானொலியாகிவிட்டது. சீனத் தொழிற்சாலைகள் நகலடித்துக் குவித்தன. நகலுக்கும் நகல் வந்தது. முந்தைய தலைமுறை ஹாம்காரர் மாதச் சம்பளத்தைக் கொட்டி வாங்கியதை, இப்போது கல்லூரிப் பையன் ஒரு ஜோடிச் செருப்பு விலைக்கு வாங்குகிறான். நிலையம் சில நாட்களில் ஒலியாக அனுப்பும் படங்களை, டோனி இங்கிலாந்து தொடங்கி வைத்த அதே கோடு கோடான முறையில், கைபேசிச் செயலியே விரித்துக் காட்டிவிடுகிறது. கேட்பதற்கு இவ்வளவு போதும். திரும்பப் பேச வேண்டுமென்றால் மட்டும் தேர்வும் உரிமமும் வேண்டும்.

இனி நடக்கப்போவது சுவாரசியமானது. சர்வதேச நிலையத்துக்கு 2030 வாக்கில் ஓய்வு கொடுத்து, அதைக் கடலில் இறக்கத் திட்டம். இந்தியா 2035க்குள் தன் சொந்த நிலையத்தைக் கட்டி முடிப்பதாகச் சொல்லியிருக்கிறது. முதல் பகுதிக்கு 2028 என்று குறி வைத்திருக்கிறார்கள். சர்வதேச நிலையத்தின் ரஷ்யப் பகுதியில் ஹாம் ஆன்டெனாக்களை 2002இல் விண்நடை போய்த்தான் பொருத்த முடிந்தது. கொலம்பஸ் என்ற ஐரோப்பியப் பகுதிக்கோ, அது தரையில் இருக்கும்போதே, 2007இல் ஹாம்காரர்கள் கேட்டு வாங்கிப் பொருத்தினார்கள். மேலே போன பிறகு சுவரில் ஒரு கம்பி நுழைக்கத் துளை வேண்டுமென்றால், உடுப்பு மாட்டிய இரண்டு பேர், பல மாத ஒத்திகை, கோடிக்கணக்கில் செலவு. வரைபடப் பலகையில் இருக்கும்போது கேட்டால் ஒரு பென்சில் கோடு. இந்திய நிலையத்தின் வரைபடம் இப்போது பலகையில்தான் இருக்கிறது. விண்ணப்பம் எழுதுகிறவர்கள் சீக்கிரம் எழுதினால் நல்லது. சாமுண்டி மலையில் ஆன்டெனா தூக்கிக்கொண்டு ஏறுவதற்கு ஆள் கிடைப்பது கஷ்டமாக இருக்காது.